யாரும் தடுக்காத ஆள்

என் அண்ணனின் முழங்கால் உடைந்ததற்குக் காரணம் நான்தான். கை வைக்கவில்லை, வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வயதைச் சொல்லி யாரும் என்னை விடுவிக்க வேண்டாம். என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

டெக்சஸ் இர்விங்கில் என்னோடு காலை நடைக்கு வரும் நண்பர்களே, உங்களுக்கு இது பிடிக்காது. நடந்து முடித்துக் காபிக் கடையில் உட்கார்ந்தால் நம் பேச்சு அப்பாக்களிடம் போய்விடுகிறது. எல்லாருடைய அப்பாவும் தியாகி. எல்லாருடைய வீட்டிலும் அண்ணன் தம்பி ஒற்றுமை. போன மாதம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "நீங்கள்லாம் அந்தக் காலத்துலயே டெக்சஸ் வந்தவங்களாமே சார். உங்க ஃபாதர் எவ்வளவு கஷ்டப்பட்டு உங்களை ஆளாக்கியிருப்பார்?" நான் பதில் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மரியாதைக் குறைவுதான். சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

டெக்சஸின் நடுவில் ஒரு சின்னக் கல்லூரி. அப்பா அங்கே மெக்கானிக்கல் எஞ்சினியரிங் பேராசிரியர். எனக்கு நாலு வயதிருக்கும்போது குடும்பத்தோடு வந்தோம். அந்த ஊரில் எங்களைத் தவிர இன்னொரு தமிழ்க் குடும்பம் கிடையாது. பக்கவாட்டில் மரம் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய நீளக் கார், நெம்புகோலை இழுத்தால் கடகடவென்று ஐஸ் உடையும் அலுமினியத் தட்டு, கொல்லையில் இரண்டு பெக்கான் மரங்கள். அந்தக் காயின் பச்சைத் தோலை உரித்தால் விரல்கள் கறுத்துப்போகும், ஒரு வாரத்துக்கு நிறம் போகாது. புல்லுக்குள் முழுக்க முள் காய்கள். செருப்பில்லாமல் காலை வைக்க முடியாது. கொல்லையில் கார் கொட்டகைக்கு மேலே ஓர் அறை இருந்தது. அப்பா அதைக் கல்லூரி மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவார்.

அண்ணன் அப்பாவின் கல்லூரியிலேயே இரண்டாம் வருடம் படித்தான். அப்பாவின் துறையிலேயே. அவனாக எடுத்த பாடம் இல்லை. அவனாக எடுத்தது அமெரிக்க ஃபுட்பால் மட்டும்தான்.

ஃபுட்பால் என்றால் மாடுகள் மாதிரி முட்டிக்கொள்வது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அண்ணன் ஆடியது வேறு. அந்த நாளில் டெக்சஸில் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம் வரைக்கும் ஆப்ஷன் ஆட்டம்தான். பந்தைத் தூரமாக எறிய மாட்டார்கள், எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். பந்தை முதலில் வாங்குகிறவன் குவார்ட்டர்பேக். அவனுக்குப் பின்னால் மூன்று பேர் கவட்டை மாதிரி நிற்பார்கள். அந்த அமைப்புக்கு விஷ்போன் என்று பெயர். அம்மா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அப்படி என்றால் என்ன என்று கேட்டாள்.

"கோழியோட நெஞ்செலும்பும்மா."

"சாப்பிடற எடத்துல இதெல்லாம் பேசாத."

"நீதானேம்மா கேட்ட."

"கேட்டா சொல்லிடறதா?"

பொதுவாக எதிரணியில் ஒவ்வொருவனையும் மறித்து நிறுத்த நம் பக்கம் ஓர் ஆள் வேண்டும். ஆப்ஷனில் எதிரணியின் ஓரத்தில் நிற்கிற எண்ட் என்பவனை மட்டும் வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தோடு நேரே அவனை நோக்கி ஓடுவான். பக்கவாட்டில் இன்னொருவன் கூடவே ஓடி வருவான். ஓரத்துக்காரன் குவார்ட்டர்பேக்கின் மேல் பாய்ந்தால் பந்து பக்கத்தில் வருகிறவன் கைக்குப் போய்விடும், அதற்குப் பிட்ச் என்று பெயர். பக்கத்தவனைப் பிடிக்கப் போனால் குவார்ட்டர்பேக் தானே பந்தை வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடுவான். ஓரத்துக்காரன் எதைச் செய்தாலும் அது தப்பு. பெரிய உடம்புகள் இல்லாத அணிகூட இதை வைத்துக்கொண்டு பெரிய அணியை ஜெயிக்கலாம். தேவைப்படுவது ஒன்றுதான். குவார்ட்டர்பேக்குக்குப் பயம் இருக்கக்கூடாது. தன் மேல் பாய வருகிறவனைக் கடைசி நொடி வரைக்கும் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். அண்ணன் ஒல்லி. ஆனால் அந்தப் பார்வை அவனிடம் இருந்தது.

அவன் பயிற்சி எடுத்தது என்னை வைத்து. சாயங்காலம் ஆனால் கொல்லையில் நான்தான் ஓரத்துக்காரன். பக்கத்தில் ஓடி வருகிறவனுக்குப் பதிலாக அம்மாவின் துணிக்கூடை. நான் அண்ணன் மேல் பாய்ந்தால் பந்து கூடைக்குள் விழும். கூடைக்கு முன்னால் போய் நின்றால் அவன் என்னைத் தாண்டி பெக்கான் மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவான்.

"எப்பவும் நானேவாடா?"

"நீதான்டா கரெக்டா தப்பு பண்ற."

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் விளையாட்டு. அந்த வசந்தகாலம் முழுவதும் தினமும் இதுதான். பாய்ந்தால் தப்பு, நின்றால் தப்பு, தயங்கினால் இன்னும் பெரிய தப்பு. உள்ளங்காலில் முள் காய். அவன் மூச்சுகூட வாங்காமல் நின்று, "இன்னொண்ணு" என்பான். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பன்னிரண்டு வயதில் தினமும் ஒருவன் உன்னைத் தப்பானவனாக ஆக்கிக்கொண்டே இருந்தால் உள்ளே என்ன வளரும் என்று எனக்குத் தெரியும்.

பாயவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நான் பார்க்க ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டில் எச்சில் பெரிய விஷயம். தம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்கக் கூடாது. வாயில் விரலை வைத்தால் அந்தக் கையால் எதையும் தொடக் கூடாது. சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டே இருப்பாள். "எச்சக் கையோட அந்தப் பந்தைத் தொட்டுட்டு உள்ள வராத. கழுவிட்டு வா." கல்லூரி அணியில் மற்ற குவார்ட்டர்பேக்குகள் ஒவ்வொரு தடவையும் பந்து கைக்கு வருமுன் பழக்கத்தில் விரலை நக்கிக்கொள்வார்கள். ஈரம் இருந்தால்தான் தோல் பந்து வழுக்காமல் கையை விட்டுச் சரியாகப் போகும். அண்ணனும் நக்குவான், ஆனால் சும்மா நக்க மாட்டான். பந்தைப் பக்கத்தவனுக்குத் தட்டிவிட வேண்டி வரலாம் என்றால் மட்டும் விரல் வாய்க்குப் போகும், உடனே குற்றவாளி மாதிரி டிரவுசரில் ஒரு தேய்ப்பு. தானே ஓடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் விரல் வாய் பக்கமே போகாது. அது அவனுக்கே தெரியாது. எச்சிலுக்குப் பயந்து வளர்ந்த இன்னொருவன் கண்ணுக்குத்தான் அது படும். என் கண்ணுக்குப் பட்டது.

நான் அதை அவனிடம் சொல்லவில்லை. அவனை ஜெயிக்கவும் அது உதவவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்தேன், கால் வேகம் போதவில்லை. சரி என்று வாயை மூடிக்கொண்டு வைத்திருந்தேன்.

கொட்டகை அறையில் அந்த வருடம் குடியிருந்தவன் அண்ணனின் அணியிலேயே, பயிற்சியில் அவனுக்கு எதிர்ப்பக்கம் ஆடுகிறவன். நிஜமான ஓரத்துக்காரன். மேற்கு டெக்சஸில் பருத்திக்காட்டுப் பையன். கழுத்தும் தலையும் ஒரே அகலம். அம்மாவை மேடம் என்பான். அம்மா தயிர்சாதம் கொடுத்து அனுப்பினால் அதன் மேல் சர்க்கரையைத் தூவிச் சாப்பிடுவான். அந்த அறையின் படியேறினாலே தைலமும் ஈரத்தோலும் கலந்த வாடை வரும். என்னைப் பேர் சொல்லாமல் 'பார்ட்னர்' என்று கூப்பிடுவான். வீட்டில் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

வசந்தகாலப் பயிற்சியின் முடிவில் அணி இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள்ளேயே ஓர் ஆட்டம் ஆடும். ஸ்க்ரிம்மேஜ் என்பார்கள். அடுத்த வருடத்து முதல் குவார்ட்டர்பேக் யார் என்று கோச் அன்றைக்குச் சொல்வார். இரண்டு பேர் போட்டியில் இருந்தார்கள், அண்ணன் ஒருவன்.

அப்பா சாப்பாட்டு மேஜையில் தன் தீர்ப்பைச் சொன்னார். அவர் குரலை உயர்த்த மாட்டார். வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டுகிற மாதிரி பேசுவார்.

"முதல் எடத்துக்கு உன்னை எடுத்தா ஆடு. நான் தடுக்கலை. எடுக்கலேன்னா அன்னிக்கே ஷூவைக் கொண்டுபோய்க் குடுத்துடணும். அதுக்கப்பறம் இந்த வீட்டுல பந்துங்கற பேச்சே வரக்கூடாது."

"எடுத்துட்டா மேட்ச் பாக்க வருவீங்களாப்பா?"

"எடுக்கட்டும், பார்க்கலாம்."

எடுக்க மாட்டார்கள் என்று அவர் நிச்சயமாக இருந்தார். எங்கள் நிறத்தில் ஒருவன் பின்னால் டெக்சஸ் பையன்கள் நிற்பார்களா என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். பெரிய மனதோடு மகனுக்கு வாய்ப்பு கொடுக்கிற மாதிரி, தோற்றுப்போவான் என்று நம்பிக் கொடுத்த வாய்ப்பு. இதைத்தான் நண்பர்களே, நீங்கள் தியாகம் என்கிறீர்கள். என் அப்பா ஒரு தடவைகூட மைதானத்துக்கு வந்து பிள்ளை ஓடுவதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பயந்திருப்பார், அவ்வளவு அழகாக ஓடினான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலமும் கொல்லையில் என்னை நிறுத்தினான். ஓரத்துக்காரன் அறைப் படியில் உட்கார்ந்து தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு பார்த்தான். எதிர்வீட்டுப் பெண் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நான் பாய்ந்தேன். கையில் காற்றுதான் சிக்கியது, முகம் முள்ளுக்குள் போனது. அண்ணன் எல்லாருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னான்: "என் தம்பி பிறக்கும்போதே தப்பான பக்கம் திரும்பிப் பிறந்தவன்." அந்தப் பெண் சிரித்தாள். அண்ணன் என் தலையைத் தட்டிவிட்டு உள்ளே போனான். அவனுக்கு அது வெறும் கிண்டல். அடுத்த நாளை நினைத்துப் பதற்றத்தில் இருந்தவனின் கிண்டல். இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போதும் கொஞ்சம் தெரிந்திருந்தது.

ஓரத்துக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. நான் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்து முள்ளைப் பிடுங்கினேன்.

"என்னையும் தினமும் இப்படித்தான் பண்றான் பார்ட்னர்," என்றான். "நாளைக்கும் இப்படியே ஆச்சுன்னா கோச் என்னை ஊருக்கு பஸ் ஏத்திடுவார். எப்படித்தான் செய்றானோ."

அவன் என்னைக் கேட்கவில்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவன் தன் பாட்டுக்குப் புலம்பினான். நான்தான் சொன்னேன்.

"விரலைப் பாரு. நக்கலைன்னா பந்தை யாருக்கும் தர மாட்டான். யோசிக்காம நேரா அவன் மேலயே போ."

அவன் தைலப் புட்டியை மூடினான். அப்புறம் என் தோளில் கையை வைத்தான். அந்தக் கையின் கனத்துக்காக அன்றைக்கு நான் எதையும் சொல்லியிருப்பேன்.

மறுநாள் மத்தியானம் சைக்கிளில் நான் மட்டும் போனேன். வெயில், வெட்டிய புல் வாசனை, தகர பெஞ்ச் தொடையைச் சுட்டது. முதல் பாதியில் அண்ணன் ஆடியதை வேறு எவனும் ஆடி நான் பார்த்ததில்லை. அவன் பக்கத்தில் ஓடியவன் கையில் பந்து தானாக முளைப்பது போல இருந்தது. தொப்பி வைத்த கிழவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். ஓரத்துக்காரன் பழைய மாதிரியே முட்டாளாகிக்கொண்டிருந்தான். சொன்னதை அவன் எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. கூடவே ஏமாற்றமும். இரண்டும் வந்தது. எழுதுவதென்றால் இரண்டையும் எழுத வேண்டும்.

இடைவேளைக்குப் பிறகு கோச் ஓரத்துக்காரனைக் கூப்பிட்டு ஏதோ கத்தினார். அதற்கப்புறம் அவன் அண்ணனின் கையைப் பார்க்க ஆரம்பித்தான். முதல் தடவை அண்ணனை இருந்த இடத்திலேயே பிடித்தான். அண்ணன் எழுந்து அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தான். அடுத்த தடவையும் பிடித்தான். அண்ணன் புரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் எழுந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம். "அண்ணா, விரலை நக்கு" என்று தமிழில் கத்தியிருந்தால் அந்த மைதானத்தில் அவனைத் தவிர ஒருத்தனுக்கும் புரிந்திருக்காது. கத்தவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோல் கோட்டுக்குப் பக்கத்தில் பந்து வந்தது. அண்ணன் கைகள் வாய் பக்கம் போகவில்லை. மற்ற நேரமென்றால் ஓரத்துக்காரன் ஒரு கணம் தயங்குவான். அந்தத் தயக்கம்தான் குவார்ட்டர்பேக்குக்குப் பாதுகாப்பு. அன்று அவன் தயங்கவே இல்லை. அண்ணனின் வலதுகால் தரையில் ஊன்றியிருந்தபோது முழு உடம்போடு வந்து விழுந்தான். காய்ந்த கிளையை மிதித்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு தூரத்திலிருந்த எனக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இனி ஆட முடியாது என்றார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போகட்டும், நல்லதாப் போச்சு. இனிமேலாவது படிப்பான்."

அண்ணனுக்கு அது கேட்டது. முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அப்பாவை இன்றுவரை மன்னிக்கவில்லை. அவரைத் திட்டுவது எனக்கு வசதியாகவும் இருந்திருக்கிறது. அவர்மேல் கோபமாக இருக்கும் வரைக்கும் என் பக்கம் திரும்ப வேண்டியதில்லையே.

ஓரத்துக்காரன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டில் காலடியில் வந்து நின்றான். அவன் அழுதான். அண்ணன் அவனைத் தேற்றினான்.

"விடு. நீ என்னைச் சரியா ரீட் பண்ணிட்ட. நல்ல ஹிட்."

ஓரத்துக்காரன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பரீட்சை முடிவதற்குள் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான். அம்மாவின் தயிர்சாதக் கிண்ணத்தைக் கழுவிப் படியில் கவிழ்த்து வைத்திருந்தான்.

ஒரு பிள்ளை கெட்டது போதும் என்று அப்பா அந்தக் கோடையிலேயே என்னைத் திருச்சியில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார். இந்தத் தமிழ் எனக்கு வந்தது அப்படித்தான். பட்டம் வாங்கியபிறகுதான் டெக்சஸ் திரும்பினேன். அதற்குள் அண்ணன் எஞ்சினியராகி நியூ ஜெர்சிக்குப் போய், கல்யாணமாகி, மான்மவுத் ஜங்ஷனில் வீடு வாங்கிவிட்டான். ஒவ்வொரு நாளும் காலைச் சாய்த்துச் சாய்த்து மன்ஹாட்டன் ரயில் ஏறினான். அவன் வீட்டு விருந்துகளில் அந்தக் கதையைச் சொல்லுவான். சிரித்துக்கொண்டே சொல்லுவான். "எங்க டீம்ல ஒரு எண்ட் இருந்தான். மூணு தடவை என் மூளைக்குள்ள பூந்து பாத்துட்டான். அந்த மாதிரி ஒருத்தன்கிட்ட தோத்தா வருத்தமே கிடையாது." எல்லாரும் சிரிப்பார்கள். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன்.

போன வருடக் கடைசியில் அவனுக்கு அந்த முழங்காலை மாற்றி வைத்தார்கள். உதவிக்கு என்று போய்த் தங்கினேன். நிஜத்தில் சொல்லத்தான் போனேன். எங்கள் இருவருக்கும் எழுபதை ஒட்டியும் தாண்டியும் வயது. இனியும் வைத்துக்கொண்டு செத்துப்போவது கோழைத்தனம் என்று நினைத்தேன். அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான். நான் முழுக்கச் சொன்னேன்.

"எச்சிலா?" என்றான். முதலில் சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. "அம்மாவோட எச்சிலா? நான் அப்படியா பண்ணேன்?" கையை வாய் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான். சிரிப்பு அங்கேயே நின்றது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஒரு மாசம் முன்னாடியே."

"ஒரு மாசம். ஏன்டா என்கிட்ட சொல்லலை? ஒரே நாள்ல மாத்தியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நக்கியிருப்பேன். அவ்ளோதானே?"

ஓரத்துக்காரனிடம் சொன்னது குற்றம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அண்ணனிடம் சொல்லாமல் இருந்த அந்த மாதத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. மன்னித்துவிடு என்றேன். அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவன் என்னை ரீட் பண்ணான்னு நெனச்சிட்டிருந்தேன்டா," என்றான். "என்னைவிட நல்லா ஆடறவன் ஒருத்தன்கிட்ட தோத்தேன்னு. காலு போச்சு, ஆட்டம் போச்சு, அப்பா சொன்னதுதான் நடந்துச்சு. ஆனா இது ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. நல்லா இருந்துச்சு. அதையும் வந்து எடுத்துட்டுப் போற."

"உங்கிட்ட மறைச்சு வெச்சிருக்க முடியலைண்ணா."

"உனக்கு முடியலை. சரி. எனக்கு முடிஞ்சுது. நீ மனசு லேசாகணும்னு வந்த. ஆயிடுச்சா?"

ஆகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதையும் அவனிடமே போய்ச் சொல்லி ஆறுதல் தேடப் பார்க்கிறேன் என்று புரிந்து நிறுத்திக்கொண்டேன். அவன் வாக்கரைப் பிடித்து எழுந்தான். நான் தாங்கப் போனேன். "தொடாத" என்றான். மறுநாள் அண்ணிதான் என்னை ஏர்போர்ட்டில் கொண்டுவிட்டாள். இறங்கும்போது, "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

இன்னும் ஆப்ஷன் ஆடுகிற கல்லூரி அணிகள் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்று டிவியில் வந்தால் சனிக்கிழமை அண்ணன் எனக்கு ஃபோன் போடுவான். இருவரும் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவரவர் வீட்டில் உட்கார்ந்து பார்ப்போம். அதிகம் பேச மாட்டோம். பல வருடப் பழக்கம். இந்த இலையுதிர்காலத்தில் ஃபோன் வரவில்லை. முதல் சனிக்கிழமை காத்திருந்தேன். மறந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை நானே கூப்பிட்டேன்.

அண்ணி எடுத்தாள். "தூங்கறார்" என்றாள்.

அவள் குரலுக்குப் பின்னால் டிவி ஓடியது. என் டிவியில் ஓடிய அதே ஆட்டம், ஒரு நொடி பிந்தி. நான் சரி என்று சொல்லவில்லை. அவளும் ஃபோனை வைக்கவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டாள் போல, டொக்கென்று ஒரு சத்தம். குவார்ட்டர்பேக் ஓரத்துக்காரனை நோக்கி ஓடினான். அங்கே அண்ணனின் குரல் கேட்டது.

"பிட்ச் பண்ணுடா. அவன் உன்னைத்தான் பாக்கறான். இப்போ. பிட்ச் பண்ணு."

அவன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான், என்னிடம் இல்லை. நான் மூச்சுவிடும் சத்தம் அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாதே என்று ஃபோனை விலக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.